ஸ்டார்ட் ஆகாத பழைய படகு மோட்டார்: உங்களுக்கு முன் கை வைத்தது யார்?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் புதிதாக இருந்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான் இருக்கும். பழைய மோட்டார் அப்படியில்லை. முதலில் ஏதோ ஒரு சின்னக் கோளாறு வந்திருக்கும். அதைச் சரி செய்கிறேன் என்று ஒருவர் கார்புரேட்டரைத் திறந்திருப்பார். அதில் சரியாகாமல் இன்னொருவர் எஞ்சின் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றியிருப்பார். மூன்றாவது ஆள் பிளக்குக்கு ஸ்பார்க் தரும் காயிலை மாற்றிப் பார்த்திருப்பார். கடைசியில், "நல்லா ஓடிக்கிட்டிருந்த மோட்டார்தாங்க, சும்மா கிடந்ததால கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்ற வார்த்தையோடு நம் கைக்கு வந்து சேரும். அசல் கோளாறு ஒன்று, அதன்மேல் அடுக்கி வைத்த அரைகுறை ரிப்பேர்கள் சில என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வந்த மோட்டார்களைத் திறந்து பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். என் கைக்கு வந்தவற்றில், கோளாறைக் கண்டுபிடிக்க ரொம்ப உதவியது மீட்டரும் கேஜும் மட்டுமல்ல, முன்னால் கை வைத்தவர்கள் விட்டுப்போன அடையாளங்களும்தான். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு மூடியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், ஒன்றையும் தொடாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். எந்த ஸ்குரூவின் தலையில் பெயின்ட் உரிந்து உலோகம் பளிச்சென்று தெரிகிறது? ஃப்ளைவீல் நட்டின் முனைகள் மழுங்கியிருக்கின்றனவா? கார்புரேட்டர் இணைப்பைச் சுற்றிச் சிலிக்கான் பசை பிதுங்கி நிற்கிறதா? வீட்டு வயரிங்குக்குப் போடும் டேப்பைச் சுற்றி ஏதாவது வயரை ஒட்டுப் போட்டிருக்கிறார்களா? உப்பேறிய எஞ்சினில் இரண்டு பிளக்குகள் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், யாரோ பிளக்கின்மேல் பழியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் குழம்பும்போது அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

அப்புறம், மோட்டாரின் மவுண்டிங் பிராக்கெட்டில் இருக்கும் தகட்டைத் தேடி மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். சர்வீஸ் மேனுவலோ ஸ்பேரோ தேடும்போது "பதினைந்து குதிரைத்திறன் யமஹா" என்று சொன்னால் போதாது. அதே சக்தியில் பல தலைமுறை மோட்டார்கள் வந்திருக்கின்றன, பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020-இல் நின்றுபோனது. ஜான்சன் பெயரில் புது மோட்டார் வருவது அதற்கும் முன்பே நின்றுவிட்டது. ஆனாலும் இந்த இரண்டுக்கும் வெளி நிறுவனங்கள் செய்யும் கார்புரேட்டர் கிட், காயில், இம்பெல்லர் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. மாடல் எண் கையில் இருந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரிதான்.

அடுத்தது, அனுபவசாலிகளும் அவசரத்தில் தாண்டிப் போகிற இடம். சிவப்புக் கயிற்றோடு இருக்குமே, மோட்டாரை நிறுத்தும் அந்தக் கில் சுவிட்சின் (ஸ்டாப் சுவிட்ச்) கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? சோக் போட்டால் கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு உண்மையாகவே மூடுகிறதா, இல்லை குமிழ் மட்டும் வெளியே வந்து உள்ளே கம்பி கழன்று கிடக்கிறதா? கிளிப் மாட்டாத மோட்டாரை எவ்வளவு இழுத்தாலும் ஸ்பார்க் வராது. வாங்கிய மோட்டாரோடு வேறு கம்பெனியின் கிளிப் வந்திருந்தால் அது மாட்டின மாதிரியே தெரியும், ஆனால் சுவிட்சை முழுதாக இழுத்துப் பிடிக்காது.

இந்த ஸ்டாப் சுவிட்ச் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். வீட்டு விளக்குச் சுவிட்ச் இணைப்பைத் துண்டித்து விளக்கை அணைக்கிறது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மோட்டார்களில் நேர் எதிர்: சுவிட்ச் இணைந்தால்தான் மோட்டார் நிற்கும். பட்டனை அமுக்கும்போது இக்னிஷனின் மின்சாரம் எர்த்துக்குப் போய்விடுகிறது, பிளக்குக்குப் போக எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து பச்சைப் பூத்து இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டாலோ, அதன் வயர் எங்காவது உராய்ந்து எஞ்சின் உடம்பைத் தொட்டாலோ, மோட்டார் நிரந்தரமாக அணைத்து வைத்த நிலையிலேயே இருக்கும். ஸ்பார்க் இல்லாத மோட்டாரில் முதல் வேலையாக நான் செய்வது, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியான சிடிஐக்கு வரும் அந்த ஸ்டாப் வயரின் இணைப்பை மட்டும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு மறுபடி பார்ப்பது. ஸ்பார்க் வந்துவிட்டால் காயில், சிடிஐ எதையும் தொட வேண்டாம். சுவிட்சும் வயரும்தான் குற்றவாளி. இந்த நிலையில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் பட்டனால் நிறுத்த முடியாது என்பதையும் மறக்காதீர்கள். சோதனை முடிந்ததும் சுவிட்சை மாற்றி வயரைத் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஒரே பொருள் அது.

பெட்ரோல் பக்கம் வருவோம். பழைய மோட்டாரோடு வந்த டேங்கையும் ஹோஸையும் நம்பாதீர்கள். நன்றாக ஓடுகிற மோட்டாரில் ஏற்கெனவே சோதித்த ஒரு சின்ன டேங்க், நல்ல ஹோஸ், அதில் புதுப் பெட்ரோல் என்று தனியாக ஒரு செட் வைத்துக்கொள்வது என் வழக்கம். டூ-ஸ்ட்ரோக் என்றால் மேனுவல் சொல்லும் அளவில் ஆயில் கலந்திருக்க வேண்டும். பின்னாள் மாடல்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், பழைய மாடல்கள் சிலவற்றுக்கு 25-க்கு 1 அல்லது அதைவிடக் கூடுதல் ஆயில். அந்த டேங்கை மாட்டியதும் மோட்டார் உயிர் பெற்றால், எஞ்சினில் கோளாறே இல்லை என்று ஆகிவிடுகிறது. டேங்க், ஹோஸ், இணைப்பு இந்த மூன்றுக்குள் தேடினால் போதும்.

ஹோஸ் நடுவிலுள்ள ரப்பர் பல்பை அமுக்கினால் அதுவே நிறையச் சொல்லும். பல்பின் மேலிருக்கும் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்க முனை மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள், உள்ளே இருக்கும் வால்வுகள் அப்போதுதான் சரியாக உட்காரும். கொஞ்ச நேரத்தில் பல்பு கெட்டியாகிவிட வேண்டும். எவ்வளவு அமுக்கியும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லை பல்பின் வால்வு போய்விட்டது, இல்லை கார்புரேட்டரின் ஃப்ளோட் வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது. மூடிக்கு அடியில் பெட்ரோல் வாசனையும் ஈரமும் இருந்தால் கடைசிக் காரணம்தான். அமுக்கிய பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டு எழும்பாமலே இருந்தால் டேங்கின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கிறது. மோட்டார் பக்கம் மாட்டும் கனெக்டருக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து வெடித்துப் போனால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, ஆனால் பம்ப் உறிஞ்சும்போது காற்றை மட்டும் இழுத்துக்கொள்ளும். பழைய ஹோஸ்களில் இன்னொரு தொல்லை உண்டு. உள்பக்கத் தோல் உரிந்து மடிப்பாகி, பெட்ரோல் ஓடும்போது தானே மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரியும். இப்படிச் சந்தேகம் வந்த ஹோஸை நான் வெட்டித் தூக்கிப் போட்டுவிடுவேன், சுத்தம் செய்து பார்க்கிற வேலையே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகும் அசைவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), ஸ்பார்க், பெட்ரோல் மூன்றையும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். பலர் ஸ்பார்க்கில் ஆரம்பிப்பார்கள். நான் கம்ப்ரஷனில் ஆரம்பிப்பேன். வாங்கிய மோட்டாருக்கு மேற்கொண்டு செலவு செய்யலாமா, வேண்டாமா என்பதை அந்த ஒரு சோதனைதான் தீர்மானிக்கிறது. கார்புரேட்டர் கிட்டும் காயிலும் வாங்கிப் போட்ட பிறகு பிஸ்டன் ரிங் போயிருப்பது தெரிந்தால் அவ்வளவு பணமும் வீண்.

அளக்கும் முறை எளிது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, கேஜ் முள் மேலே ஏறி நிற்கும்வரை ஒரே வேகத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். நல்ல டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் பல 90-இலிருந்து 120 பிஎஸ்ஐ வரை காட்டும். மாடலுக்கு மாடல் இது மாறும், அதனால் எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசம்தான் முக்கியம். அது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று 110, இன்னொன்று 60 என்றால் ரிங், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது எண் ஏறினால் ரிங்கைச் சந்தேகப்படலாம். ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் சிலவற்றில், கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் ஏற்பாடு இருக்கும். அவை குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஃப்ளைவீலைக் கையால் திருப்பவே முடியவில்லை என்றால் பலவந்தம் கூடாது. பிளக் ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊற வைத்து, மறுநாள் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

ஸ்பார்க் சோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும்போது பக்கத்திலேயே ஸ்பார்க் அடித்துப் பார்ப்பது தீயோடு விளையாடுவது. ஹோஸைக் கழற்றி டேங்கைத் தள்ளி வைத்து, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்ட வைத்துக் கயிறு இழுத்து, "ஸ்பார்க் வருது, ஓகே" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். வெளிக்காற்றில் பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டும் ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் தாண்டாமல் போகலாம். இடைவெளியை மாற்றி வைக்கக்கூடிய டெஸ்டர் ஒன்று வாங்கி, சிடிஐ மோட்டார் என்றால் 10 மி.மீ. அளவுக்கு வைத்துப் பாருங்கள். நீலநிறத்தில் டப் டப்பென்று சத்தத்தோடு தாண்டினால் இக்னிஷன் நல்ல நிலையில் இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் பலவீனம். அப்போதும் உடனே காயில் வாங்கக் கிளம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் எர்த் இணைப்புகள்தான் முதலில் கெடும். காயிலை எஞ்சினோடு பிடித்திருக்கும் போல்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் பல நேரம் ஸ்பார்க் திரும்பி வந்துவிடும். ஸ்டேட்டர் (ஃப்ளைவீலுக்கு அடியில் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்), காயில் இவற்றின் ஓம்ஸ் அளவு மேனுவலில் இருக்கும். மீட்டர் வைத்து அளந்து, அளவு தப்பியிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பிளக் நனைந்து வருகிறது, இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த நிலையில்தான் ஒரு இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் என்னிடம் வந்தது. இழுக்கும்போது எப்போதாவது கார்புரேட்டர் வழியாக டப்பென்று ஒரு சத்தம். கூடவே கயிறு கையிலிருந்து வெடுக்கென்று பின்னால் இழுபடும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே, தப்பான நேரத்தில் வெடிக்கிறது என்பதற்கு இது பக்கா அடையாளம். டைமிங் மாறியிருக்கிறது. ஆனால் சிடிஐ மோட்டாரில் டைமிங் தானாக எப்படி மாறும்?

மூடியைக் கழற்றியபோதே பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்: ஃப்ளைவீல் நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. ஸ்பேனர் வைத்ததும் பெரிய பலமே கொடுக்காமல் அது கழன்று வந்தது. புல்லர் என்னும் இழுத்துக் கழற்றும் கருவி போட்டு ஃப்ளைவீலை எடுத்தேன். சுத்தியலால் தண்டின் முனையில் அடித்து எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் போய்விடும். உள்ளே, தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் அரைவட்டக் கீ என்னும் சின்ன உலோகத் துண்டு படிக்கட்டு மாதிரி நின்றது. கீழ்ப்பாதி தண்டிலேயே இருக்க, மேல்பாதி சுமார் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. நகத்தால் தடவினாலே அந்த விளிம்பு தட்டுப்பட்டது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 20 மி.மீ. தடிமனுள்ள தண்டில் அது கிட்டத்தட்ட 6 டிகிரி. ஃப்ளைவீலுக்குள் இருக்கும் காந்தங்கள்தான் ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை முடிவு செய்கின்றன. அவை 6 டிகிரி தள்ளிப்போனால் மோட்டார் முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்?

அந்தக் கீதான் ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிப்பது தண்டின் கூம்பு வடிவம். நட்டை மேனுவல் சொல்லும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்கும்போது இரண்டு கூம்புப் பரப்புகளும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்கின்றன. கீ, ஃப்ளைவீல் சரியான கோணத்தில் உட்கார வழி காட்டுவதோடு சரி. கைக்கணக்கில் இறுக்கினாலோ, கூம்பில் ஆயிலோ கிரீஸோ இருந்தாலோ ஃப்ளைவீல் வழுக்கிக் கீயை வெட்டிவிடும். சரி, இந்த மோட்டாரில் ஃப்ளைவீலை யார், எதற்குக் கழற்றினார்கள்? பதில் பக்கத்திலேயே இருந்தது. ஸ்டாப் சுவிட்சிலிருந்து வரும் வயரை யாரோ பாதியில் வெட்டி, முனையில் டேப் சுற்றி, ஒரு பிராக்கெட்டுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்கள். சுவிட்சைத் திறந்து பார்த்தேன், உள்ளே முழுக்கப் பச்சைப் பூத்து ஒட்டிக் கிடந்தது. காயில்களில் ஒன்று மட்டும் புதிது.

வரிசை இப்போது தெளிவானது. முதலில் கெட்டது சுவிட்ச். அதனால் ஸ்பார்க் நின்றது. காயில் மாற்றினார்கள், வரவில்லை. அடியில் ஸ்டேட்டரைப் பார்க்க ஃப்ளைவீலைக் கழற்றி, பார்த்துவிட்டு, டார்க் ரென்ச் இல்லாமல் இறுக்கினார்கள். யாரோ ஒருவருக்குக் கடைசியில் ஸ்டாப் வயரை வெட்டலாம் என்று தோன்றி ஸ்பார்க் திரும்பியது. ஆனால் அதற்குள் ஃப்ளைவீல் வழுக்கிவிட்டது. எல்லாம் சரியாக இருந்தும் ஏன் ஓடவில்லை என்று சலித்துப்போய் விற்றுவிட்டார்கள். புதுக் கீ, ஈரமில்லாமல் துடைத்த கூம்பு, சரியான டார்க், புது ஸ்டாப் சுவிட்ச். மோட்டார் நல்ல சத்தத்தோடு ஓடியது. அந்தச் சுவிட்சை முதல் நாளே சோதித்திருந்தால் ஒரு காயில் வீணாகாமலும், ஒருவரின் நல்ல மோட்டார் கை மாறாமலும் இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

கார்புரேட்டருக்கு வருகிறேன். சும்மா கிடந்து கெட்ட மோட்டார்களில் அதிகம் பழுதாவது இதுதான். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சுவது பிசின் மாதிரி ஒரு படிவு. அது பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஓட்டைகளை அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் கூடுதல் பிரச்சினை: எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோலில் தண்ணீர் அரை சதவீதம் அளவுக்கு ஏறினாலே எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே. கார்புரேட்டரைக் கழற்றும் முன், அடிக்கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர். பழுப்பு நிறமும் வார்னிஷ் வாசனையும் அடித்தால் பழைய பெட்ரோல். ஒன்றுமே வரவில்லை என்றால் கார்புரேட்டர் வரை பெட்ரோல் வந்தே சேரவில்லை.

கழற்றுவதென்று முடிவு செய்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுங்கள். காற்றுக் கலவைத் திருகு இருந்தால் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியைத் தொடுகிறது என்று எழுதிவிட்டுப் பிறகு எடுங்கள். அடியைத் தொட்டபின் இறுக்கினால் ஊசி முனை நசுங்கிவிடும். முன்னால் கை வைத்தவர்கள் பெரும்பாலும் பெரிய ஜெட்டை மட்டும் கழற்றி ஊதிவிட்டு மூடியிருப்பார்கள். ஸ்டார்ட் ஆவதற்கும் மெதுவோட்டத்துக்கும் வேலை செய்வது பைலட் ஜெட் என்னும் சின்ன ஜெட். அது உள்ளே தள்ளி, சில மாடல்களில் ஒரு ரப்பர் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதன் ஓட்டை ரொம்பச் சின்னது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். அரைவட்டமாகத் தெரிந்தால் இன்னும் சுத்தமாகவில்லை. குண்டூசி, இரும்புக் கம்பி விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகிப் பெட்ரோல் அளவே மாறிவிடும். கார்ப் கிளீனரில் ஊற வைத்து, காற்றடித்து, மிஞ்சினால் வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை மட்டும் விடுங்கள். ஜெட்டோடு நின்றுவிடாமல் கார்புரேட்டர் உடம்பிலுள்ள வழிகளையும் ஸ்பிரே செய்து, மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதைச் செய்ய வேண்டாம், அந்தத் திரவம் எதிர்பாராத ஓட்டையிலிருந்து முகத்தில் பீய்ச்சும்.

கோளாறு கார்புரேட்டரில்தானா என்று கழற்றாமலே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. ஆயில் கலந்த பெட்ரோலைக் கொஞ்சமாகக் கார்புரேட்டர் வாயில் தெளித்துவிட்டு இழுங்கள். சில நொடி ஓடி நின்றால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் சரி, பெட்ரோல்தான் வரவில்லை. ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை டூ-ஸ்ட்ரோக்கில் அடிப்பது எனக்குப் பிடிக்காது. அதில் ஆயில் இல்லை, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவை குளிர்ந்த நிலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. முந்தைய ஆள் மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்தியிருந்தால் கார்புரேட்டர் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. கிண்ணத்தை வடித்துவிட்டு, பெட்ரோல் நிரம்பும்வரை பல்பை அமுக்கி, நனைந்த பிளக்கைத் துடைத்து மாட்டினால் பல நேரம் ஒரு ஸ்பேரும் மாற்றாமல் ஓடிவிடும். கரைக்கு வரும் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி ஓட விட்டு நிறுத்துவதுதான் முறை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வில் ஊசி அளவு ஓட்டை விழுந்தாலும் பம்ப் படுத்துவிடும். பல்பை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் மோட்டார் ஓடுகிறது என்றால் அதைப் பாருங்கள். பெட்ரோல் ஊசி முறையில் பாயும் புது மாடல்களில் பேட்டரிதான் முதல் சந்தேகம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் எஞ்சின் சுற்றும், ஆனால் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்யாது. ஃபோர்-ஸ்ட்ரோக்கைத் தப்பான பக்கம் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி மெதுவாகச் சுற்றி வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கடலில் முழுகி எடுத்த மோட்டார் என்றால் நேரம்தான் எல்லாம். நல்ல தண்ணீரில் அலசி, உள்ளிருப்பதை வடித்து, ஆயில் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓட வைத்தால் பிழைக்கும். முழுகி எடுத்துப் பல மாதம் அப்படியே கிடந்தது என்று தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒற்றை சிலிண்டர், ஒன்றரைக் குதிரைத்திறன். ஃப்ளைவீல் மேலிருந்த குமிழைக் கையால் பிடித்துச் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அன்றும் அதற்குத் தேவைப்பட்டது இதே மூன்றுதான்: அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு ஸ்பார்க், சரியான அளவில் பெட்ரோல். இதனால்தான், சுற்றுகிற நிலையில் இருக்கும் பழைய மோட்டாரை யாராவது பழைய இரும்புக்குப் போடப் போகிறேன் என்றால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதும் சோதித்து, எழுதி வைத்துப் போனால் பெரும்பாலான மோட்டார்களை மீட்டுவிடலாம். நான்கு பாகத்தை ஒரே நாளில் மாற்றி மோட்டார் ஓடினாலும், எது போயிருந்தது என்பது தெரியாமலே போய்விடுகிறது. அடுத்த முறை நின்றால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

ஓடிவிட்டது என்றால் சந்தோஷத்தில் ரேஸ் கொடுக்காதீர்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலிருக்கும் அகலமான தகடு முழுகும் அளவுக்குத் தண்ணீர் உள்ள பீப்பாயில்தான் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். எஞ்சின் பின்புறத்துச் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்தி அந்த ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள், உப்போ குளவிக் கூடோ அடைத்திருக்கலாம். அது இல்லையென்றால் இம்பெல்லரை மாற்றுங்கள். எத்தனை வருடம் ஆனதென்று தெரியாத இம்பெல்லரை, தண்ணீர் வந்தாலும் மாற்றிவிடுவதே என் பழக்கம். ஸ்டாப் பட்டனை அமுக்கி நிற்கிறதா என்று பாருங்கள், கிளிப்பைப் பிடுங்கியும் தனியாகப் பாருங்கள். ஆறியபின் கியர் ஆயிலின் கீழ்த் திருகைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, சீல் மாற்றாமல் படகில் பூட்ட வேண்டாம்.